குண்டு விழுந்த தூரம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது.
நாளைக்கு வாங்க என்று டோக்கனைத் திருப்பித் தந்தார்கள்,
நாற்பத்தொன்று.
கடலூரில் ஒரு முழுப்பகல்
எனக்கும் தம்பிக்கும் சும்மா கிடைத்தது.
ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வது
வக்கீல் வழியாகத்தான்.

"கோட்டை பாக்குறீங்களா?" என்றார் ஆட்டோ கலியமூர்த்தி.
தேவனாம்பட்டினம். கெடிலம் கடலைத் தொடும் பக்கம்.
முள்ளுக்காடு, செங்கல், ஒரு நாய்.
கோட்டை எங்கே என்றேன்.
"மேலதான் நிக்கிறீங்க."

கோட்டையை வாங்கிய வெள்ளைக்காரன்
பீரங்கியைத் திசைதிசையாகத் திருப்பிச் சுட்டானாம்.
குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் அவன் எல்லை.
அதனால்தான் குண்டு உப்பலவாடி,
அதனால்தான் குண்டு சாலை.
"நான் குண்டுக்கு உள்ள பொறந்தவன்.
மாமியார் வீடு குண்டுக்கு வெளிய.
இன்னும் ஒரு பிடி மருந்து போட்டிருந்தா
அவங்களும் கம்பெனி ஆளு."
தம்பி சிரித்தான்.
சிரிக்கும்போது அவனுக்கு இடது கண் மட்டும் மூடும்.
மறந்திருந்தேன்.

எங்களுக்குப் பீரங்கி இல்லை, சர்வேயர் இருந்தார்.
சங்கிலி பிடித்து, நாலு கல் நட்டு,
கிணற்றுக்கு நடுவில் ஒரு கோடு போட்டுப் போனார்.
தண்ணீர் அந்தக் கோட்டை
இதுவரை பார்த்ததாகத் தெரியவில்லை.

மதியம் பிச்சாவரம் போகலாமா என்று
யார் யாரைக் கேட்டோம், ஞாபகமில்லை.
கண்டக்டரிடம் "ரெண்டு" என்றான்.
பஞ்சாயத்தில் கேட்ட அதே ரெண்டு.
இங்கே பக்கத்துப் பக்கத்து இருக்கை.
சிதம்பரத்தில் பஸ் மாறும்வரை
அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் டோக்கனை.

"ஒரே பக்கம் உக்காராதீங்க" என்றார் படகுக்காரர்.
"எதிரெதிரா இருந்தாத்தான் கவுறாது."
அது எங்களுக்குப் பழகியதுதான்.

வாய்க்கால் குறுகக் குறுக வெளிச்சம் பச்சையானது.
சுரபுன்னை வேர்கள் கால் ஊன்றிக் கால் ஊன்றித்
தண்ணீருக்குள் நடந்து போகின்றன.
எந்த வேர் எந்த மரத்தினுடையது?
முப்பது வருஷம் துடுப்புப் போட்டவருக்கும் தெரியவில்லை.
ஒரு மீன்கொத்தி
எங்கள் இருவருக்கும் நடுவில் பறந்து போனது.
தில்லை மரம் வந்தது.
"தொடாதீங்க, பால் பட்டா கண்ணு போயிடும்."
ஒரே நொடியில் இருவரும் கையை இழுத்துக்கொண்டோம்,
சின்ன வயதில் அப்பா அதட்டினால் இழுப்பதுபோல.

முருங்கைக்காய் மாதிரி ஒன்று படகுக்குள் விழுந்தது.
காய் இல்லை, கன்றாம். மரத்திலேயே முளைத்துவிடுமாம்.
சேற்றில் குத்தினால் அங்கேயே நிற்கும்,
குத்தாவிட்டால் மிதந்து எங்கேயாவது போகும்.
தம்பி அதைக் கையில் வைத்து
உருட்டிக்கொண்டே இருந்தான்.

"கிணத்துல அந்த ஆமை
இன்னும் இருக்கா?"

வக்கீல் இல்லாமல் வந்த முதல் கேள்வி.
இருக்கு என்றேன்.
பாதி நேரம் உன் பக்கம்தான் கிடக்குது.

மறுநாள் பத்தரைக்கு சர்வர் எழுந்தது.
பெருவிரல் வைத்தோம்.
பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.
ஆமையைப் பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.