கூடுதல் பை

பெருநாளைக்கு ஒன்பது நாள்.
சுவரில் ஆணிக்கு ஆணி வெள்ளை ஜிப்பாக்கள்,
கை ஏறாதவை, காஜா எடுக்காதவை.
இந்த நேரம் பார்த்துத்தான்
சதக்கு காக்கா கொண்டுவந்து போட்டார்,
சிமெண்டுச் சாக்கு நிறைய
ஒரே ஓர் உடுப்பு.

லாகோஸில் பதினோரு வருசம்,
மீன் குளிர்கிடங்கில் மெக்கானிக்.
கம்பெனியை மூடிவிட்டார்கள்.
"அக்படான்னு பேரு.
அங்க வெள்ளிக்கிழமைன்னா இதுதான்.
கீழக்கரையில போட்டுக்கிட்டு நடந்தா
நாய் விரட்டுது.
நாலு தலையணை உறை,
சின்னவளுக்கு ஒரு பாவாடை,
மிச்சத்துல உனக்குத் தோணுறதைத் தை."

எல்லாமே மிச்சம்தான்.
மேசையில் விரித்தேன், போதவில்லை.
தரையிலும் விரித்துக்
கத்தரியோடு சுற்றிச் சுற்றி வந்தேன்,
ஆடு உரிக்க வந்தவன்
எங்கே தொடங்கலாமென்று பார்ப்பதுபோல.

கத்தரிக்காய்த் தோலுக்கும்
அமாவாசைக்கும் நடுவில் ஒரு நீலம்.
அதில் வெள்ளைக் கோட்டில்
வாத்து, சீப்பு, குடை.
குடைக்குப் பக்கத்தில் நம்ம விளைமீன் ஜாடையில் ஒன்று,
செதிலை எண்ணிப் போட்டிருந்தார்கள்.

"கோழி இறகால வரையிறது.
மரவள்ளிக் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு.
கஞ்சி நின்ன இடத்துல அவுரி ஏறாது.
அபெயோகுட்டாவுல பொம்பளைங்க
முத்தம் முழுக்கப் பானை வச்சு முக்குறாங்க,
முழங்கை வரைக்கும் நீலம்."

நான் அறிந்த கஞ்சி
வேட்டியை விறைப்பாக நிறுத்தும்.
அஸருக்குப் பிறகு பள்ளியில்
தூக்குவாளியில் வாங்கிவரும் கஞ்சி
என்னை நிறுத்தும்.
இங்கே வராதே என்று
ஒரு நிறத்திடம் சொல்கிற கஞ்சியை
இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

வெட்டத்தானே கை வரவில்லை,
பிரிக்கலாமே என்று
கழுத்துப் பட்டையைப் பிரித்தேன்.
உள்பக்கம்
யாரோ ஒரு தையல்காரன்
நீல நூல் தீர்ந்துபோய்
நாலு அங்குலத்துக்குப் பச்சை நூலை ஓட்டியிருந்தான்.
மடித்து அடித்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?
நான் பார்த்தேன்.
எனக்குத் தெரியும் அந்த மத்தியானம்.
நூலுக்குப் போன பையன் வரவில்லை,
வாசலில் ஆள் நிற்கிறான்,
விடிந்தால் விசேஷம்.

சிரித்துவிட்டேன்.
நோன்புத் தொண்டையில்
அது இருமலாய் முடிந்தது.

தராவீஹ் முடிந்து வந்து
ஷட்டரைப் பாதி இறக்கி
ஒரு தரம்,
பட்டை தொங்கத் தொங்க
தலைவழியே மாட்டிக்கொண்டேன்.
ஜெட்டிப் பக்கமிருந்து வந்த கொண்டல்
சந்து திரும்பி, ஷட்டருக்கடியில் குனிந்து
இரண்டு கைக்குள்ளும் ஏறியது.
ஐந்தடி இரண்டங்குலம் நான்.
கடையை அடைத்துக்கொண்டு நின்றேன்.
கண்ணாடியில் இருந்தவருக்கு
ஸலாம் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

காலையில்
மோதினார் அசனா லெப்பையின் ஜிப்பாவுக்குப்
பட்டன் வைக்கையில் பார்க்கிறேன்.
வலப்பக்க நெஞ்சில்
என் கட்டைவிரல்.
நீலமாய், ரேகை ரேகையாய்.

எலுமிச்சை தேய்த்தேன். சோடா உப்பு.
பக்கத்து சலூன்காரர் தந்த ஏதோ ஒரு பவுடர்.
சுற்றியிருந்த வெள்ளை
இன்னும் வெள்ளையானது.

அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து
அதன்மேல் ஒரு பை தைத்தேன்.
இடப்பக்கம் ஏற்கெனவே ஒன்று உண்டு.

அக்படா மேல்தட்டில் இருக்கிறது.
காக்கா இரண்டு தடவை வந்துவிட்டார்.
பட்டையைத் திரும்ப வைக்கணும் காக்கா,
பச்சை நூல் வரட்டும் என்கிறேன்.
"பச்சையா?" என்கிறார்.

பெருநாள் தொழுகை முடிந்து
பள்ளி வாசலில் கட்டிப்பிடித்தார் மோதினார்.
"என்னப்பா, கேக்காமலே ஒரு பை?
கூலி ஏறுமா?"
"இல்ல மோதினாரே, உங்களுக்காகத்தான்."
புதுப் பத்து ரூபாய்க் கட்டை
அதில்தான் வைத்திருந்தார்.
பிள்ளைகள் வரிசையாய் வந்தார்கள்.
ஒவ்வொரு தடவை கையை விட்டு எடுக்கும்போதும்
நான் அவர் விரலைப் பார்த்தேன்.