பிழியும் நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அந்தக் கடிதத்தை எழுதினவன் நான்தான்.

லங்கன்தாலில் ஆறு வீட்டுக் கட்டடம்.
நிலக்கீழறையில் எல்லாருக்கும் ஒரே மெசின்,
கதவில் முறை எழுதின அட்டவணை.
வியாழன், மேல்வீட்டுத் தவநிதி அக்காவுக்கு.
பிஸ்கட் ஃபாக்டரியில் இரவு வேலை முடித்து
எட்டு மணிக்கு நான் கண்ணை மூடினால்
எட்டரைக்கு அவ தொடங்குவா.
ஹீற்றர் குழாய்க்குள்ளால்
பாட்டு என் தலையணைக்கு ஏறிவரும்.
நல்ல பாட்டுத்தான்.
ஆனால் நித்திரைக்கு
நல்லது கெட்டது தெரியாதே.

"மதிப்பிற்குரிய திரு. எக்கிமன்" என்று தொடங்கி
மகளைக் கொண்டு ஜெர்மன் பிழை திருத்தி
பெயர் போடாமல் அனுப்பினேன்.
கடைசியில் ஒரு வரி, ஏன் எழுதினேனோ தெரியாது:
'மேலும், உச்சிக்குப் போகும் இடத்தில்
சுருதி சற்று இறங்குகிறது.'

அடுத்த கிழமை அட்டவணைக்குக் கீழே
லாமினேட் செய்த தாள்:
இங்கு பாடுவதைத் தவிர்க்கவும்.
அவ கதவைச் சாத்திவிட்டுப் பாடினா.
படியில் ஒருநாள் மறித்துக் கேட்டா:
"தம்பி, உங்களுக்கும் கேக்குதோ?"
"இல்லையக்கா, எனக்கொண்டும் கேக்கிறேல்லை."

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை.
முதியோர் இல்லக் குசினியில் கூட வேலைசெய்யும் மர்லீஸ்
சொல்லாமல் கொள்ளாமல் படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறாள்.
டிவியில் அக்கா.
ஐம்பத்தெட்டு வயது, நீலச் சேலை,
காலில் குசினிச் செருப்பு.
என்ன வேலை என்று நடுவர் கேட்டார்.
"உருளைக்கிழங்கு உரிக்கிறது."
அரங்கம் சிரித்தது.
ஒரு சொல்லை பிழையாய் உச்சரித்தால்
கவுண்டரில் கிடைக்குமே,
அந்தச் சிரிப்பு.

பாடினா.
நடுவில், உச்சிக்கு ஒரு வரி முந்தி,
நிறுத்தினா.
வயலின்காரி வில்லைத் தூக்கியபடி முழித்தாள்.
ஒரு செக்கன். ஐந்து. ஒன்பது.
ஆயிரம் சனம் மூச்சை அடக்கி இருக்க
நான் சோபாவில் இருந்து சொன்னேன்:
"பிழியுது."
"என்ன?" என்றாள் மனுசி.
"மெசின். அந்த இடத்தில்தான் பிழியத் தொடங்கும்.
முதல் ஆட்டம் அடங்குமட்டும் அக்கா பொறுப்பா.
பிறகு அந்தச் சத்தத்துக்கு மேலால் ஏறுவா."

ஏறினா.

கதிரைகள் எல்லாம் பின்னுக்குத் தள்ளுப்பட்ட சத்தம்
கைதட்டலுக்கு முதல் கேட்டது.
"அந்த மௌனத்தை எங்கே கற்றீர்கள்?"
கண்ணைத் துடைத்தபடி நடுவர்.
அக்கா யோசித்துச் சொன்னா: "கீழே."

ஞாயிறு பத்திரிகைகள்
அந்தக் 'கீழே'யைத் தோண்டத் தொடங்கின.
ஒன்று போர் என்றது.
ஒன்று இழந்த கடல்.
ஒன்று அடிவயிறு.
எனக்குத் தெரியும்:
பதினாலு படி, வலக்கைப் பக்கம் இரண்டாம் கதவு,
சுவிட்ச் வெளியே இருக்கிறது.

எக்கிமன் தாளைக் கழற்றிவிட்டு
அதே ஆணியில் அக்காவின் படத்தைக் கொழுவினார்.
தவறுதலாய் என் மணியை அடித்த நிருபர் பெண்ணிடம்,
"ஒவ்வொரு வியாழனும் கேட்போம்,
குடுத்துவைச்சனாங்கள்" என்றேன்.
கூசாமல் சொன்னேன்.

நேற்று தபால்பெட்டியடியில் அக்கா.
ஒரு கையில் உடுப்புக் கூடை,
மறுகையில் நாலாய் மடித்த தாள்.
பார்த்ததும் தெரிந்தது.

"எல்லாரும் சோக்கு எண்டுதான் சொல்லுகினம், தம்பி.
பிழை சொன்னது இது ஒண்டுதான்.
எட்டு மாதமாய் அந்த இடத்தைத் திருத்தினனான்.
டிவியில சரியாய் வந்ததோ?"

ஆர் எழுதினது என்று கேட்கவில்லை.
நான் வேலைக்குப் போக வேண்டும்,
பஸ்ஸுக்கு நாலு நிமிடம்.

"வந்ததக்கா," என்றேன்.
"எண்டாலும் இன்னும் ஒரு பொட்டு இறங்குது."

கூடையைப் படியில் வைத்தா.
"எவ்வளவு?"