நாற்பது ரூபாய்ச் சொற்பொழிவு

தமிழ்ச்சங்கம் ரோட்டு ஞாயிற்றுச் சந்தையில்
மின்விசிறி இறக்கைகளுக்கு அடியில் கிடக்கிறார்கள்
யார் யாருக்கோ முதலாளியாக இருந்தவர்கள்.
நான் எடைக்கு வாங்குவதில்லை.
துடைத்து, பேரம் பேசி, ஒவ்வொருவராக.

சிக்கந்தர் பாய் இப்போதெல்லாம்
சினிமாவைத் தனியே ஒதுக்கிவிட்டு
"பாட்டில்லாதது வந்திருக்கும்மா" என்கிறார்.

அறுபத்திரண்டு, பொங்கல்.
மரகதவல்லி மில்ஸ் முதலாளி செருமிக்கொள்கிறார்:
"வேலையாட்களே,
சங்கு ஊதியபின் வருகிறவன் சோற்றுக்குத் துரோகி."
ஊசி அந்தத் துரோகியில் மாட்டிக்கொள்ளும்.
விரலால் தள்ளிவிட வேண்டும்.

எழுபத்தாறில் அவர் மகன்.
"தொழிலாளத் தோழர்களே" என்கிறார்.
தோழர், சுடச்சுட வாயில் ஊற்றிய பருத்திப்பாலாக
நாக்கில் நிற்காமல் ஓடுகிறது.

எண்பத்தொன்பது, டைப்பிஸ்ட் பெண்களுக்கான கேசட்:
"போனை எடுக்குமுன் புன்னகை செய்க.
குரலில் அது தெரியும்."
போன திங்கட்கிழமை எனக்கும் சொன்னார்கள் இதே வரியை,
கே.கே.நகர், மூன்றாம் மாடி,
தவணை பாக்கி கேட்கும் வேலை.
இப்போது நாங்கள் குடும்பம்.
குடும்பத்தில் யாருக்கும் பி.எஃப். கிடையாது.

அறைத்தோழி பிரிசில்லா
ஹெட்போனைப் பிடுங்கி ஒரு நிமிடம் கேட்டாள்.
"பேசுறது ஒருத்தர்.
பின்னாடி எத்தனை பேருடி இருமுறாங்க?"

அன்றிலிருந்து பேச்சை விட்டுவிட்டேன்.
கைதட்டலுக்குள் ஒன்று.
துரோகிக்குப் பின்னால் இரண்டு,
ஒன்று பஞ்சடைத்தது,
இன்னொன்று அடக்கப் பார்த்துத் தோற்றது.

ஸ்பூலை ஓட்ட மெஷின் தேடியே
எட்டு மாதம் போயிற்று.
செல்லூர் மைக்செட் கடைக்காரர் ஒருவர்
பெல்ட் மாற்றித் தந்தார்.
அதில் நலத்துறை அதிகாரி பேசி முடித்து
வணக்கம் சொல்ல, நாற்காலி நகர்கிறது.
நிறுத்த மறந்திருக்கிறார்கள்.
துடைப்பம். வாளி.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கிறார்கள்:

"வெள்ளத்தாயி பேசுறேன். ரிங் பிரேம், மூணாம் ஷிப்டு.
பொம்பளைக கக்கூசுக்குத் தாப்பா இல்ல.
எழுதிக் குடுத்து ஏழு மாசமாச்சு."
சிரிப்பு. "ஏய், வந்துருடி" என்கிறாள் ஒருத்தி.
நாடா தீர்ந்து சக்கரம் படபடக்கிறது.

நாற்பது ரூபாய்தான் வாங்கினார் பாய்.

நாளை ஒன்பது மணிக்கு ஹெட்செட் மாட்டியதும்
எனக்கு முன்னால் ஒரு குரல் சொல்லும்,
தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு
பதிவு செய்யப்படுகிறது என்று.
எதிர்முனையில் எடுக்கும்வரை
ஆறேழு நொடி சும்மா ஓடும்.

எங்கள் மாடியிலும் தாழ்ப்பாள் இல்லை.