உப்புத் தண்ணி

பட்டறையில் ஷேடு மாறக் கூடாது.
முதல் லாட்டில் வந்த இளம்பழுப்பு
நாற்பதாவது லாட்டிலும் வர வேண்டும்.
அதற்குத்தான் லேபில் எனக்குச் சம்பளம்.

வீட்டுக்கு வந்தால் மாற்றுகிறேன்.

போசி அனுப்பர்பாளையத்தில் வாங்கியது, இருபது லிட்டர்.
"ஒறம்பரை நெறையா வருவாங்களாட்ட" என்றார் கடைக்காரர்.
ஆமாங்க, பிரியாணிக்கு என்றேன்.

முதல் தடவை மால்ட்டை மில்லில் கொடுத்தேன்.
சத்துமாவு என்று நினைத்து
நைஸாக அரைத்துக் கொடுத்துவிட்டான்.
அறுபத்தேழு டிகிரி, ஒரு மணி நேரம்,
எல்லாம் சரி, வடியவில்லை.
களி.
திருமூர்த்தி கரண்டியை நடுவில் நட்டான்.
நின்றது.

அடுத்தது சித்திரையில்.
பாத்திரத்தைச் சுற்றி ஈரப் பனியன் வேஸ்ட்,
எதிரில் மேஜை ஃபேன்.
எக்ஸ்போர்ட்டில் கழித்த துணி,
தலைகீழாய் அச்சடித்த கரடி ஒன்று
எங்கள் ஏலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது பத்து நாள்.
அப்படியும் முப்பத்தொன்று.
திறந்தால் நெயில் பாலிஷ் வாசம்.

கம்பு முளைகட்டிச் சேர்த்ததில் நுரை நின்றது, ருசி நிற்கவில்லை.
ஹாப்ஸ் விலைக்குப் பயந்து ஒருமுறை வேப்பம்பூ.
ஹாப்ஸின் கசப்பு
சித்தெ உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போகும்.
வேப்பம்பூ பாயை விரித்துவிட்டது.

பிறகு அந்த ராத்திரி.
கிராம் பிசகினால் மெமோ வாங்குகிறவள்
கவுந்தப்பாடிச் சர்க்கரையைக் கைக்கணக்கில்
பாட்டிலுக்குப் பாட்டில் போட்டு மூடியிருந்தேன்.
ரெண்டு மணிக்கு ஒன்று வெடித்தது.
பதில் சொல்வதுபோல் இன்னொன்று.
மேல்வீட்டிலிருந்து கருணாம்பிகை அக்கா:
"என்ன சாமி, கேஸா?"
சோடாங்க்கா என்று கத்தினேன்.
இருட்டில் கண்ணாடி பொறுக்கிக்கொண்டே திருமூர்த்தி,
"புடிச்சா கேஸ்தான்" என்றான்.
சிரித்ததில் அவன் கட்டைவிரல் கிழிந்தது.

தண்ணியில்தான் விஷயம் என்று தோன்றியது.
கோயமுத்தூர் போய் நாத்தனார் வீட்டில்
ரெண்டு கேன் சிறுவாணி பிடித்து
ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
குடித்தால் தேன்.
காய்ச்சினால் மொண்ணை.
கசப்பு இருக்கிறது, ஆனால்
பேனாவில் மை தீர்ந்ததுபோல் எழுதுகிறது.

ஆனியில் ஒன்பது நாளாய் நல்ல தண்ணி வரவில்லை.
மால்ட் ஊறத் தயாராய் இருந்தது.
குடத்தில் இருந்தது முக்கால் பங்கு.
மீதிக்கு அந்த இன்னொரு குழாய்,
பாத்திரம் கழுவ, துணி அலச,
வாயில் வைக்காத போர் தண்ணி.

வந்தது.
வைக்கோல் நிறம்,
நாக்கின் ஓரத்தில் கீறிவிட்டுச் சுத்தமாய் விலகும் கசப்பு.
திருமூர்த்தி பேசாமல் ரெண்டாவது ஊற்றினான்.
"அடுத்ததும் இதே மாதிரி" என்றான்.
பையர் மாதிரியே.

திங்கட்கிழமை டிபன் பையில்
ஒரு பாட்டில் உப்புத் தண்ணி கொண்டுபோனேன்.
சல்ஃபேட் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த ஆள்தான்.
கிளாபர் உப்பு.
தொட்டிக்கு இத்தனை கிலோ என்று
தினமும் சீட்டில் நான் எழுதுகிற உப்பு,
சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு
தான் மட்டும் தண்ணியோடு வெளியேறுவது.
எந்தக் காலத்துப் பட்டறையோ, எந்த நிறத்துக்கோ கொட்டியது,
பாறைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்து
என் கசப்புக்கு முனை சீவியிருக்கிறது.

அன்று ராத்திரி சொன்னேன்.
டம்ளரை டியூப்லைட்டுக்கு நேராய்ப் பிடித்தான்.
"கலர் ஒண்ணும் தெரியலியே."
உப்புக்கு ஏது கலர்.
கொஞ்சம் யோசித்தான்.
பாதி டம்ளரை சிங்கில் ஊற்றினான்,
மீதியைக் குடித்தான்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்:
அடுத்த தடவை முழுக்க நல்ல தண்ணி,
ஜிப்சம் நிறுத்துப் போட வேண்டும், நான்கு கிராமில் ஆரம்பித்து.
அதே முனை வரலாம்.
வராமலும் போகலாம்.
ஒன்பது பாட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது,
கொட்ட மனசில்லை,
யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை.

காலையில் மோட்டார் சத்தம்.
"உப்புத் தண்ணி வருது, புடிச்சுக்க சாமி"
என்கிறது மாடி.

போசி கையில்தான் இருக்கிறது.