ஆறரைச் சுற்று

வால்வு சாவி என்னிடம்தான் இருக்கிறது.
இடுப்புயர இரும்பு. பிடி துருவேறி
என் உள்ளங்கையும் அதே நிறம்.
ஐந்தரைக்கு மேலத் தெரு, ஆறேகாலுக்கு முகாம்,
ஆளுக்கு நாற்பது நிமிடம்.
ஆறரைச் சுற்று திருகினால் முழு வேகம்.
அதற்கு மேல் திருகுகிறவன் மரையைக் கெடுப்பான்.

மேலத் தெருவில் முப்பத்தெட்டு வீடு.
இருபத்தொன்றுக்குப் பூட்டு.
முகப்பு இந்தத் தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக
படுத்துக் கிடக்கும் வீடுகள்.
படைப்புக்குத் திறப்பார்கள், கல்யாணத்துக்குத் திறப்பார்கள்.
வரி தவறாமல் சென்னையிலிருந்து வந்துவிடும்.
முகாமில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.
பதினொரு குழாய்.
முப்பத்து நான்கு வருடம்.

அக்டோபர் இரண்டு, கிராம சபை.
முதலில் எழுந்தவர் பெயர் அடைக்கலம்.
யாரும் சிரிக்கவில்லை,
எங்கள் ஊரில் ஏழு அடைக்கலம்.
இவர் பெயிண்டர்.
"தண்ணிய விடுங்க, நான் கூலியப் பேசுறேன்.
எண்ணூறு குடுத்த மேஸ்திரி இப்ப
ஐந்நூத்தம்பதுக்கு முகாம்ல ஆள் இருக்குங்கிறான்.
மக காலேஜ் ஃபீஸ
சுவத்துலயா அடிச்சு வைக்கிறது?"
கைதட்டினார்கள். நானும்தான்.
அவர் சொன்னதில் பொய்யில்லை.

ஷாமியானா நிழல் முடிகிற இடத்தில்
முகாம்காரர்கள் நின்றார்கள்.
வாக்காளர் பட்டியலில் இல்லாதவருக்கு
வருகைப் பதிவேட்டில் வரி கிடையாது.
வெயிலில் நிற்கலாம்.
யோகராசா கை தூக்கினார்.
தலைவி செயலரைப் பார்த்தார்,
செயலர் என்னைப் பார்த்தார்,
நான் தொட்டியைப் பார்த்தேன்.
அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"எண்ணூறு கேட்க எங்களுக்குக் கசக்குமோ?
குறைச்சுத் தந்தவனோட சண்டை பிடிச்சா
எந்த ஸ்டேசனுக்குப் போறது?
ஆறு மணிக்கு முகாமில ஆள் கணக்கெடுப்பு.
மேஸ்திரிக்கும் அது தெரியும்."
பிறகு அடைக்கலத்திடம்:
"உங்கட விலைய நாங்கள் உடைக்கேல்லை அண்ணை.
எங்களை வச்சு உடைக்கினம்."

என்ன சொல்றாரு என்றது முன்வரிசை.
"உடைக்கிறாங்கன்னு சொல்றாரு," என்றாள் டிலக்சனா.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிறந்தவள்,
ஒன்பதாம் வகுப்பு.
பள்ளிக்கூடத்தில் ஆமா, வீட்டில் ஓம்.
எந்த வாசலில் எதைச் சொல்வதென்று
அவளுக்கு மட்டும் குழப்பமில்லை.

தீர்மானம்: தண்ணீர் விவகாரம் பரிசீலிக்கப்படும்.

மறுநாள் மேலத் தெரு முறையில்
பூட்டிய கதவுகளில் காது வைத்தேன்.
இரண்டாம் கட்டில், ஆளில்லாத முற்றத்தில்,
ஒரு குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அடுத்த வீட்டிலும்.
இருபத்தொன்றில் ஒன்பது.
எனக்கு முன்பே தெரியாதா என்றால், தெரியும்.
காது வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதையும் தெருவிலேயே அடைத்தேன்.
சென்னையிலிருந்து போன் வந்தது.
வரி கட்டுகிறோம், யாரைக் கேட்டு அடைத்தாய்.
சார், தண்ணி சாக்கடைக்குப் போகுது.
போனால் போகட்டும், அது எங்கள் தண்ணீர்.
போன வருடம் படைப்புக்கு வந்தபோது
நல்ல மனநிலையில் சொன்னார் இதே மனிதர்,
தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கதையை.
வழியில் யாரோ ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்களாம்.
நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.
தற்காலிக ஊழியன் நான்.

கூலி தீரவில்லை.
ஒரே சாரத்தில் இருவரும் நிற்கிறார்கள் இப்போது,
எழுநூறுக்கு.
நூறு போன கோபம் அடைக்கலத்துக்கு.
ஐந்து மணிக்கே இறங்குவதால்
ஐம்பது பிடிக்கிறார்களே என்று யோகராசாவுக்கு.
பேச்சில்லை.
ஏணியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்,
யாராவது பிடிக்கத்தானே வேண்டும்.

முகாமுக்கு இப்போது ஐம்பத்தைந்து நிமிடம் விடுகிறேன்.
எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.
நேற்று மேலத் தெருமுனையில் ஒருவர்
கடிகாரத்தோடு நின்றார்.
காலை வணக்கம் என்றார். வணக்கம் என்றேன்.
சாவியை இறக்கி எண்ணத் தொடங்கினேன்.
நான்கு. ஐந்து.
ஆறு.
அரை.