நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

கோனாபட்டில் இந்த வீட்டுக்குள்
சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான்:
வளவின் நடு முற்றம்.
மழை எங்கே விழுமோ அங்கேதான் அதுவும் விழும்.
ஒரு அடி தள்ளி நின்றால்
வக்கீலம்மா உறைந்துபோவார்,
வாய் திறந்தபடி.

அவர் இருப்பது மேலப்பாளையத்தில்.
பேர் ரிஃபாயா.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வருவார்.
பின்னால் ஒரு குழந்தை அழும், குக்கர் கூவும்.
முதல் நாளே கேட்டேன், ஃபீஸ் எவ்வளவு?
"இலவசம்க்கா."
இலவசம் என்றால் எனக்கு
ரேஷன் அரிசிதான் தெரியும்.
புடைத்துப் பார்க்காமல் உலையில் போட்டதில்லை.
மூன்று வாரம் புடைத்தேன்.
கல் இல்லை.

ஆனால் படிவம் நின்றுவிட்டது.
'முதலாளியின் பெயர்' என்றொரு கட்டம்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காதாம்.

யார் பெயரைச் சொல்ல?
வேலைக்கு வைத்தவர் செத்துப்போனார்.
அவர் மகன் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு
"என் பங்கு ஒரு ஜன்னலும் அரைக் கதவும்,
அதுக்கு எவ்வளவு வரும்னு சொல்லு" என்றார்.
சொன்னேன். அதுவும் வரவில்லை.
இருபத்தாறு மாதம்.
கோயில் வரிக்கு எண்ணினால்
இந்த வீட்டில் இருபத்து மூன்று புள்ளி.
என் சம்பளத்துக்கு எண்ணினால்
கோலம் போடக்கூட ஒரு புள்ளி தேறாது.

மெயில் போனதும் ஒருவர் மட்டும் பதில் போட்டார்:
'வள்ளிக்கண்ணு என்று எவரும் வேலையில் இல்லை.
பாவம் என்று தங்க இடம் கொடுத்திருக்கலாம்.'

"ரசீது இருக்காக்கா?"
இல்லை.
"கையெழுத்துப் போட்ட நோட்டு?"
இல்லை.
"அங்கே வேலை பார்த்தீங்கன்னு காட்ட
எதுவுமே இல்லையா?"
இடுப்பில் கனத்தது சாவிக்கொத்து.
எடுத்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.
"வீடியோ எடுங்க" என்றார்.
"ஒவ்வொரு கதவா. பேசிக்கிட்டே."

எடுத்தேன்.
இது மழைக்கு வீங்கும், தோளால் இடிக்கணும்.
இந்தப் பூட்டு மட்டும் இடப்பக்கம் திருகினால் திறக்கும்.
இங்கே ஓடு விலகியிருக்கு,
ஐப்பசி பிறந்தால் அண்டா வைக்கணும்.
இந்தத் தரையில் பினாயில் ஊற்றினால் நிறம் செத்துப்போகும்,
தேங்காயெண்ணெய்த் துணிதான்.
இந்த அறையைத் திறக்குமுன் கதவைத் தட்டணும்,
உள்ளே யாருமில்லை,
மரநாய் ஓட அவகாசம் கொடுக்கத்தான்.
அறுபத்தொரு கதவு.
என் முகம் அதில் ஓரிடத்திலும் இல்லை,
கையும் குரலும்தான்.

அனுப்ப முற்றத்துக்கு வந்தேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பனி இறங்கியது.
போனின் மேல் சொளகைக் கவிழ்த்துவிட்டுப்
பக்கத்திலேயே படுத்தேன்.

விடிந்தபோது இரண்டு நீலக் குறி.
அவருடைய குரல்:
"அக்கா, பதில் போட்டாரே,
அவர் பேரையே அந்தக் கட்டத்துல போட்டேன்.
போட்டு, 'மற்றும் இருபத்திரண்டு பேர்'னு எழுதினேன்.
ஏத்துக்கிச்சு."

பணம் இன்னும் வரவில்லை.
பதினாலாம் தேதி விசாரணை, இதே போனில்.
அதிகாரி ஒரு கட்டத்தில், அவர் ஒன்றில், நான் ஒன்றில்.
இருபத்து மூன்று பேரும் வந்தால்
திரை தாங்குமா தெரியாது.
இப்போதும் தினம் எல்லாக் கதவையும் திறந்து மூடுகிறேன்.
கேஸுக்காக இல்லை. மூடியே கிடந்தால் வீங்கிவிடும்.

அன்றைக்கு மழை பெய்தால்
முற்றத்தில் குடையோடுதான் நிற்க வேண்டும்.
அதிகாரி முன்னால் குடை பிடிப்பது
மரியாதைக் குறைவா என்று கேட்டேன்.
மறுநாள் ராத்திரி பதில் சொன்னார்,
சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.