வணிக மதிப்பு இல்லை

எங்கள் நகராட்சி வாத்தியக் குழுவில்
பஸூன்காரர் ஓய்வுபெற்று மூன்று வருடம்.
அந்த வரியை என் டிராம்போனில்தான் வாசித்துவந்தேன்,
செருப்போடு சமையலறைக்குள் போன மாதிரி.
ஜுசாரா கிளாரினெட்டை விட்டுவிட்டு
பஸூனுக்கு மாறுகிறேன் என்றபோது
முதலில் கைதட்டியது நான்.

பெலோத்தாஸில் அது விற்பனைக்கு இல்லை.
பிரேசில் முழுக்கத் தேடினாலும் கிடைப்பவை
அவள் சம்பளத்தைப் பார்த்துச் சிரிப்பவை.
பல் செட் செய்யும் கூடத்தில்
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கும் வேலை அவளுக்கு.
கடைசியில் ஜெர்மனியில், கெர்லிட்ஸ் என்கிற ஊரில்,
ஒட்டோகார் வென்ஸ்கே என்று ஒருவர்.
மேப்பிள் மரம், நாற்பத்தோரு வருடம் வாசித்தது,
ஒரு சாவி மட்டும் கொஞ்சம் தளர்வு,
ஆயிரத்து நூறு யூரோ.

பெட்டியின் மேல் முந்நூறு என்று எழுதச் சொல்,
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று
சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.
அவர் பதில் சின்னது:
அது என் மனைவி வாசித்தது.
முந்நூறு என்று எழுதக் கை வரவில்லை.
மன்னியுங்கள்.

குரிச்சிபா சுங்கத்தில் பெட்டி
பதினேழு நாள் படுத்திருந்தது.
பிறகு ரசீது.
விலைக்கு இறக்குமதி வரி.
அனுப்பிய கூலிக்கும் அதே வரி,
கடலைத் தாண்டியது பஸூனின் குற்றம் என்பதுபோல.
அதற்கும் மேலே மாநில வரி.
அந்த வரியையும் சேர்த்துக் கூட்டிய தொகைக்குத்தான்
அந்த வரியாம்.
தன் தோள்மேல் தானே ஏறி நின்று
உயரம் அளக்கிற கணக்கு.
பிரித்துப் பார்த்து மூடியதற்கு அஞ்சலகக் கட்டணம் தனி.

நாற்பத்தோரு வருடத் தேய்மானத்தை
எந்தக் கட்டத்தில் கழிப்பது என்று
ஜுசாரா போனில் கேட்டாள்.
மறுமுனையில் ஒரு பையன், தூக்கம் கெட்ட குரல்.
"அம்மா, பழசா புதுசா என்றே
என் திரை கேட்கவில்லை" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"என்ன வாத்தியம் அது?" என்றான்.
அவள் விளக்கினாள்.
ஆள் உயரக் குழலை இரண்டாக மடித்தது மாதிரி,
அடியிலிருந்து வரும் குரல், தொண்டை கட்டிய தாத்தா பாடுகிற மாதிரி.
"நல்லது" என்றான்.
தொகையில் மாற்றம் இல்லை.

முப்பது நாளில் கட்டாவிட்டால்
பெட்டி கெர்லிட்ஸுக்கே திரும்பிவிடும்.
ஜுசாரா மோட்டார் சைக்கிளை விற்றாள்,
ஹெல்மெட்டோடு.
இருபத்தெட்டாம் நாள் கட்டினாள்.
செவ்வாய்தோறும் ஒத்திகைக்கு
அவளை என் காரில்தான் ஏற்றிவருகிறேன்.
முந்நூறைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் சுற்றி நின்றோம்.
உள்ளே சிவப்பு வெல்வெட், பூனை பிறாண்டிய மாதிரி.
பென்சில் துண்டு ஒன்று.
சிகரெட் சுற்றும் தாள் ஒரு கட்டு.
மூடியில் சுங்க அதிகாரி ஒட்டிய சீட்டு,
நுணுக்கமான கையெழுத்து:
சிகரெட் தாள், ஒரு கட்டு, பிரித்தது.
புகையிலை காணப்படவில்லை.
வணிக மதிப்பு இல்லை.

நடத்துநர் வால்டெமிரோ சிரித்தே விட்டார்.
வாசிக்க வாசிக்கச் சாவிக்கு அடியில் எச்சில் ஈரம் தேங்கும்.
இந்தத் தாளைச் சொருகி
மெல்ல அழுத்தி ஒற்றி எடுப்பார்கள்.
அவ்வளவுதான் விஷயம்.
மோப்ப நாயைக்கூடக் கூட்டிவந்திருப்பார்களோ என்னவோ.

என் தாங்கியில் இப்போது அந்த வரி இல்லை.
இருபத்திரண்டு அளவு சும்மா இருக்கவேண்டும்.
எண்ணுகிறேன்.
பதினான்கில் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்,
ஏனென்றால் அவள் ஆரம்பித்திருந்தாள்.
நான் மூன்று வருடம் வாசித்தது
அந்த இடத்தை அல்ல என்று புரிந்தது.

நடுவில் அந்தத் தளர்ந்த சாவி குமிழியிட்டது.
வாசிப்பதை நிறுத்திவிட்டு
ஜுசாரா கட்டை எடுத்தாள்.
மேலே ஒரு தாள் பாதி கிழித்து
மடித்து வைக்கப்பட்டிருந்தது.
அடியில் புதிய தாள்கள் நிறைய இருந்தன.
அவள் அந்தப் பாதியை முதலில் எடுத்தாள்.